சாக்கடைக் குழாய்ப் படைப்பிரிவு

குடைக்காரரைப் பட்டாளத்தில் சேர்த்தபோது அவருக்குத் தட்டைப் பாதம் இருந்தது, ஒரு காதில் எப்போதும் வண்டு ரீங்கரித்தது, தலையில் முடி இல்லை. இவற்றையெல்லாம் பரிசோதித்த டாக்டர், ‘இவர் போர்முனைக்கு லாயக்கில்லை, ஆனால் போருக்கு லாயக்கானவர்’ என்று எழுதிக் கொடுத்தார். அப்படிப்பட்டவர்களுக்கென்றே உள்ளூர்ப் பாதுகாப்புப் படை என்று ஒன்று இருந்தது. ஊரை எதிரியிடமிருந்து காப்பது அதன் வேலை. எதிரி ஊருக்குள் வராதவரை அதை மிஞ்ச ஆளில்லை.

யுத்தம் எதற்காக என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கொரு காரணம் தெரியும்.

குடைக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் குடை. கம்பி ஒடிந்தால் மாற்றுவார், துணி கிழிந்தால் ஒட்டுப் போடுவார். பட்டாளத்தில் குடை பிடிக்கும் வழக்கம் கிடையாதாகையால் அவரை என்ன செய்வது என்று யாருக்கும் புரியவில்லை. கொஞ்ச நாள் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாள் நிற்க வைத்தார்கள். பிறகு ஒரு காலை மேஜர் கூப்பிட்டனுப்பினார்.

படையின் அலுவலகம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் இருந்தது. பல் டாக்டரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுக் கட்டடத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேஜர் உட்கார்ந்திருந்தது பல் பிடுங்கும் நாற்காலியில். காலடியில் மிதி இருந்தது. கோபம் வந்தால் மிதிப்பார், நாற்காலி உயரும். சமாதானமானால் இறங்கும். வந்தவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் எச்சில் துப்பும் கிண்ணம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது பழகிவிட்டால் மரியாதையாகவே தோன்றும்.

“எதிரிகிட்ட குண்டு இருக்கு,” என்றார் மேஜர். “குண்டு இருந்தா அதைப் போட ஒரு இடம் வேணும். நாம இடம் காட்டலைன்னா அவனாத் தேடுவான். அவனாத் தேடினா எங்க போடுவான்?”

“தெரியலை சார்.”

“தலைமையகத்துல போடுவான். அங்க பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க. அது தேசத்துக்கு நல்லதா?”

“நல்லதில்லை சார்.”

“அதனால அவனுக்கு நாமளே ஒரு நல்ல இடமாப் பார்த்துக் காட்டணும். அங்க ஒரு பீரங்கி இருக்கணும். பீரங்கியைப் பார்த்தா எந்த விமானமும் சும்மா போகாது. நம்மகிட்டப் பீரங்கி இல்ல. நீ செய்யறே.”

“சார், நான் குடை ரிப்பேர் பண்றவன்.”

“குடை மடங்கும், விரியும். பீரங்கி சும்மா நிக்கும். எது கஷ்டம்னு நீயே சொல்லு.”

குடைக்காரர் சல்யூட் அடித்துவிட்டுச் சாமான் தேடப் போனார். எது கஷ்டம் என்று சொல்லியிருந்தாலும் அது கணக்கில் வந்திருக்காது.

முனிசிபாலிட்டி போட்டுவிட்டுப் போன சாக்கடைக் குழாய் ஒன்று, சுட்ட மண்ணில் செய்தது, ஓர் ஓரமாகக் கிடந்தது. பால் வண்டிச் சக்கரம் இரண்டு கிடைத்தன. பழைய தையல் மெஷினின் கைச்சக்கரத்தைப் பொருத்தி அதைத் திருப்பினால் குழாய் ஏறி இறங்கும்படி செய்தார். கறுப்புப் பெயிண்ட் அடித்தார். எட்ட நின்று பார்த்தால் பீரங்கி. கிட்டப் போனாலும் பீரங்கிதான், தட்டிப் பார்க்காதவரை.

மேஜர் வந்து பார்த்துவிட்டு, அலுவலகத்துக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுவரிலிருந்த வரைபடத்தில் விரலை வைத்தார். “இங்க நிறுத்து. காலி இடம்.”

குடைக்காரர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். சோப்பு ஃபேக்டரிக்குப் பின்னால்.

“சார், அங்க தெரு இருக்கு. என் வீடு அங்கதான் சார்.”

“வரைபடத்துல இல்லையே.”

“வரைபடம் போட்டதுக்கப்புறம் கட்டினது சார்.”

“அப்ப பட்டாளத்துக்குச் சொல்லாமக் கட்டியிருக்கீங்க.” நாற்காலி ஒரு மிதி உயர்ந்தது. “யோவ், நீ சொல்றேன்னு ஒரு தெருவை நான் வரைய முடியாது. வரையறதுக்கு வேற இலாகா இருக்கு.”

“என் பொண்ணு வயித்துப் பிள்ளைக்காரி சார். மாப்பிள்ளை சண்டைக்குப் போயிருக்கார். மருத்துவச்சி அவளை அசையவே கூடாதுங்கறா. குண்டு விழுந்தா எப்படி சார் ஓடுவா?”

“வரைபடத்துல இல்லாத தெருவுல வயித்துப் பிள்ளைக்காரி எப்படி இருப்பா?” என்று கேட்டார் மேஜர். அது அவருக்கே நியாயமாகப் பட்டதால் நாற்காலி மெதுவாக இறங்கியது. “இன்னொண்ணு. இது குழாய்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தன் துரோகி. நான் மேஜர். மிச்சம் யாருன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ.”

குடைக்காரர் கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பெண்டாட்டியிடம் சொன்னால் மூன்றாவது ஆளிடம் சொன்னதாகுமா என்று வழிநெடுக யோசித்து, ஆகாது என்று வாசல் வந்ததும் முடிவு செய்தார்.

“நீங்க வேற சொல்லணுமா,” என்றாள் மனைவி, துணி பிழிந்தபடி. “அது நம்ம முனைல கெடந்த குழாய்தானே. போன வருஷம் அதுக்குள்ள பூனை குட்டி போட்டுச்சு.”

“யார்கிட்டயும் சொல்லிடாதே.”

“சொல்றேன்னு வையுங்க, எவ நம்புவா?” அவள் உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். அங்கே மகள் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் படுத்திருந்தாள். “அவளுக்கு மட்டும் தெரிய வேணாங்க. பயந்துட்டான்னா ரத்தம் கிளம்பிடும்னு மருத்துவச்சி சொல்லிட்டுப் போயிருக்கா.”

அன்று முதல் மகளுக்கு அது பீரங்கி. ஜன்னல் வழியே அதன் மூக்கு மட்டும் தெரியும். கீழே அப்பா துப்பாக்கியோடு நிற்பார். துப்பாக்கிக்குத் தோட்டா தரவில்லை. காலிக் குழாய்க்குக் காலித் துப்பாக்கி போதும் என்பது மேஜரின் கணக்கு.

தெரு நம்பியதுதான் ஆச்சரியம். அந்தக் குழாயை அவர்கள் எல்லோரும் வருஷக்கணக்காகத் தாண்டிப் போனவர்கள். ஆனால் அடுத்த வீட்டு ரொட்டிக் கடைக்காரர் விஷயத்தை அலசிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

“அண்ணே, வெறும் குழாய்க்கு யாராவது காவல் போடுவாங்களா?” என்று குடைக்காரரிடமே கேட்டார்.

“போடமாட்டாங்க,” என்றார் குடைக்காரர்.

“அதான பார்த்தேன். எவ்வளவு தூரம் பாயும்?”

“அது ரகசியம்.”

“அப்ப ரொம்ப தூரம்,” என்று சொல்லிவிட்டுப் போனார் ரொட்டிக் கடைக்காரர். அன்றிலிருந்து தெருவில் நடந்தவர்கள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்களைக் கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்தார்கள், அங்கே பீரங்கி இல்லை என்பதால்.

குடைக்காரர் மறுபடியும் பல் ஆஸ்பத்திரிக்குப் போனார். பீரங்கியை நகர்த்த முடியாவிட்டால் மகளையாவது நகர்த்தலாம். ஒரு ஆம்புலன்ஸ், ஆடாமல் ஓட்டும் ஒரு டிரைவர், வெளியூர் ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை, இவ்வளவுதான் வேண்டும் என்றார்.

“எந்தத் தெரு?” என்று கேட்டார் மேஜர், மறந்துபோனவர் போல.

“பீரங்கி இருக்கற தெரு சார்.”

“ஊர்லயே பாதுகாப்பான தெரு. அங்கேர்ந்து ஆளைக் கிளப்பினா மத்தவன் என்ன நினைப்பான்? அது பாதுகாப்பு இல்லைன்னு நினைப்பான். ஏன் இல்லைன்னு கேட்பான். கேட்டா ரகசியம் வெளிய வரும். அப்ப நீ கேக்கறது ஆம்புலன்ஸ் இல்லய்யா, ராஜத்துரோகம்.”

குடைக்காரர் கிண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும் செய்து பார்த்தார். வீட்டிலிருந்த பச்சைக் குடைத் துணியையெல்லாம் சேர்த்துத் தைத்துப் பீரங்கியின் மேல் போர்த்தினார். மேலிருந்து பார்த்தால் புதர் போல இருக்கும், எதிரிக்குத் தெரியாது. மேஜர் ஜீப்பில் வந்து இறங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குடைக்காரர் தண்டனையை எதிர்பார்த்து விறைப்பாக நின்றார்.

“பிரமாதம்,” என்றார் மேஜர். “நிஜப் பீரங்கியைத்தான் மூடி வைப்பாங்க. இனிமே எதிரிக்குச் சந்தேகமே வராது. உனக்கு மூளை இருக்குய்யா.” படை அணிவகுத்து நின்ற இடத்தில் குடைக்காரரின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள்.

அடுத்த வாரம் அவர் துணியைக் கிழித்துப் போட்டுவிட்டு, குழாயின் முதுகில் வெள்ளைப் பெயிண்டால், விமானத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக, ‘இது குழாய்’ என்று எழுதினார். இதற்குத் தன்னை நிச்சயம் சுடுவார்கள் என்று நினைத்தார். மனைவியிடம் சொல்லிவிட்டே எழுதினார். அவளும், சாப்பிட்டுவிட்டுப் போய் எழுதுங்கள் என்றாள்.

மேஜர் வந்து படித்தார். தலையைச் சாய்த்து இன்னொரு தரம் படித்தார். பிறகு குடைக்காரரின் தோளில் கை போட்டார். மேஜர்கள் சிப்பாய்களின் தோளில் கை போடுவது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை.

“எதிரி இதைப் படிப்பான். படிச்சுட்டு என்ன யோசிப்பான்? ஒரு சர்க்கார் இவ்வளவு பெரிய எழுத்துல உண்மையை எழுதுமான்னு யோசிப்பான். எழுதாதுன்னு அவனுக்குத் தெரியும். அவன் ஊர்லயும் சர்க்கார் இருக்கில்ல.” தோளை ஒரு தரம் அழுத்தினார். “நீ ரிப்பேர்க்காரன் இல்லய்யா. நீ ராஜதந்திரி.”

தெருவும் படித்தது. ரொட்டிக் கடைக்காரர் கண்ணடித்தார். “நல்ல ஏமாத்து வேலை அண்ணே.”

இதற்குள் அந்தத் தெருவின் புகழ் ஊரெல்லாம் பரவிவிட்டது. மற்ற இடங்களில் இருந்த குழந்தை குட்டிக்காரர்கள், வயதானவர்கள், நோயாளிகள் எல்லோரையும் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாதுகாப்பான இடம் எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். வீட்டுக்கு ஒரு குடும்பம், இரண்டு குடும்பம் என்று ஏற்றினார்கள். ரொட்டிக் கடையின் மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பார்வையற்றோர் பள்ளிக்கூடமே நடந்தது.

குடைக்காரர் வீட்டு முன்னறைக்கு வந்தவர் மேஜரின் மாமியார்.

அந்த அம்மாளுக்குக் கால் வராது. மற்றபடி எல்லாம் நன்றாக வந்தது, குறிப்பாகப் பேச்சு. கைப்பிடி வைத்த பெரிய நாற்காலியில் உட்கார்ந்து, இந்த வீட்டில் காற்று வரவில்லை, வருகிற காற்றில் சோப்பு வாடை வருகிறது, தேநீரில் பால் அதிகம், சர்க்கரை கம்மி என்று வரிசையாகத் தீர்ப்பு வழங்குவார்.

“என் பொண்ணுதான் இங்க வரணும்னு ஒத்தக்கால்ல நின்னா,” என்றார் குடைக்காரரின் மனைவியிடம். “பீரங்கி இருக்கற தெரும்மா, உன்னைத் தவிர யாருக்கு அங்க இடம் கொடுக்கணும்னா. மாப்பிள்ளைதான் வாயே திறக்கலை. அவருக்கு என்மேல எப்பவுமே அக்கறை கிடையாது.”

குடைக்காரருக்கு மனசுக்குள் விளக்கு எரிந்தது. யுத்தம் தொடங்கியதிலிருந்து அவருக்கு வந்த ஒரே நம்பிக்கை அது. அன்று பல் ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய ஓடினார்.

மேஜர் நாற்காலியை முழுதாகச் சாய்த்து, பல் பிடுங்க வந்தவர் போல மல்லாந்து கிடந்தார்.

“சார், உங்க மாமியார் எங்க வீட்ல இருக்காங்க.”

“தெரியும்.”

“வீட்டம்மாகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே சார்.”

“அது ரகசியம்யா.”

“அப்ப பீரங்கியை நகர்த்திடலாம் சார். சோப்பு ஃபேக்டரிக்கு அந்தாண்ட பொட்டல் காடு. நான் ஒருத்தனே தள்ளிடுவேன்.”

மேஜர் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒரு விளக்கு தொங்கியது, வாயைத் திறந்து காட்டச் சொல்வது போல. குடைக்காரர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, மகளின் பெயரைச் சொல்லி உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

“நானும் ராத்திரி பூரா யோசிச்சேன்,” என்றார் மேஜர் கடைசியில். “சொந்தக்காரங்களுக்காக ஒரு பீரங்கியை நகர்த்தினா அதுக்கு என்ன பேரு? அதிகாரத்தைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தறது. என் சர்வீஸ்ல இன்னிவரைக்கும் ஒரு பைசா, ஒரு பென்சில் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. நேர்மையா இருந்துட்டேன். நேர்மையாவே இருந்துடறேன்.”

அவர் கண் கலங்கியிருந்தது. அதில் பொய் இல்லை. நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிப்பது கடினம் என்று குடைக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். மறுநாள் காலை, தெரு ரொட்டிக்கு வரிசையில் நின்றிருந்த வேளையில், துணி துவைக்கும் கல்லுக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்புத் துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பீரங்கியைப் போட்டு அடித்தாள். சுட்ட மண் சில்லு சில்லாகப் போயிற்று. காவலுக்கு நின்ற குடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிப்பாய் வேலையில் அவர் மனமாரச் செய்த ஒரே காரியம் அதுதான்.

பிறகு நேராகப் போய், “சார், பீரங்கியை என் சம்சாரம் உடைச்சுட்டா,” என்றார்.

“என்னத்துல?”

“இரும்புத் துண்டுல சார்.”

“ஒரு பொம்பளை இரும்புத் துண்டால ஒரு பீரங்கியை உடைச்சான்னு மேலிடத்துக்கு நான் சொல்ல முடியுமா? சொன்னா பீரங்கி என்னத்துல செஞ்சதுன்னு கேப்பாங்க.” மேஜர் மிதித்து மிதித்து உச்சிக்கே போய்விட்டார், குடைக்காரர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. “எதிரியோட ஒற்றன் வந்து வெடி வெச்சுட்டான்.”

ஒற்றன் செய்தி மேலிடத்துக்குப் போனது. மேலிடத்தில் ஒரே சந்தோஷம். எதிரியே ஆள் அனுப்பி உடைக்கிறான் என்றால் பீரங்கி எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும். செய்தித்தாளில் முதல் பக்கத்தில் போட்டார்கள், தெருவுக்கு வழியும் சேர்த்து. எதிரியும் செய்தித்தாள் வாங்குகிறவன்தான்.

உடைந்த சில்லுகளைத் தெரு கூடிப் பார்த்தது. இனி உண்மை தெரிந்துவிடும் என்று குடைக்காரர் காத்திருந்தார். ரொட்டிக் கடைக்காரர் ஒரு சில்லை எடுத்து விரலால் சுண்டினார்.

“சுட்ட மண்ணு,” என்றார் மரியாதையோடு. “புது ரகம். துருவே பிடிக்காது.”

ஒன்று போன இடத்தில் மூன்று வந்தன. குடைக்காரரே செய்ய வேண்டியதாயிற்று. திறப்பு விழாவுக்குத் தலைமையகத்திலிருந்து ஜெனரல் வந்தார். கார் எஞ்சினை அணைக்கவில்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே பேசினார்.

“அன்பார்ந்த மக்களே. தலைமையகத்தில் நாங்கள் ஒவ்வொரு இரவும் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றால், அதற்குக் காரணம் இந்தத் தெரு. இந்தத் தெருவை நாங்கள் மறக்கமாட்டோம். எதிரியும் மறக்கமாட்டான் என்று உறுதி கூறுகிறேன். தேசத்துக்காக எதையும் இழக்கத் தயாராக இருக்கிறோம் என்று நாங்கள் சொன்னபோது, சிலர் ‘எதை’ என்று கேட்டார்கள். அவர்களுக்கு இந்தத் தெருவைக் காட்டுகிறேன்.”

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. பார்வையற்ற பிள்ளைகள் ஒரு வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். ஜெனரல் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார். மேஜர் மட்டும் கொஞ்சம் தயங்கி, மாமியாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அந்த அம்மாளுக்கே அது விநோதமாக இருந்தது.

“என்னிக்கும் இல்லாத திருநாளா இருக்கே மாப்பிள்ளை.”

“ஒண்ணுமில்ல அத்தை,” என்றார் மேஜர்.

சங்கு ஊதியது ஒரு மத்தியானம். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சங்கு ஊதினால் அந்த ஊரில் எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். இந்தத் தெருவில் பதுங்குகுழி வெட்டவில்லை. பீரங்கி இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டார்கள். ஆகவே தெரு வீடுகளைவிட்டு வெளியே வந்து, ஊரிலேயே பாதுகாப்பான இடத்தை நோக்கி நடந்தது. ஓடவில்லை. நடந்தது. வயதானவர்களுக்கு வழிவிட்டார்கள். பார்வையற்ற பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து, முதல் குழாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேஜரின் மாமியாரை நாற்காலியோடு தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள்.

“எல்லாரும் போங்க,” என்று கத்தினார் குடைக்காரர். “பொட்டல் காட்டுப் பக்கம் ஓடுங்க. இது பீரங்கி இல்ல. குழாய். சாக்கடைக் குழாய்.”

யாரும் நகரவில்லை. ரொட்டிக் கடைக்காரர் சிரித்தார்.

“எதிரிதான் இன்னும் வரலையே அண்ணே. எங்ககிட்ட எதுக்கு ரகசியம்?”

“சத்தியமாச் சொல்றேன். நான்தான்யா செஞ்சேன்.”

“நீங்க செஞ்சதுன்னுதானே நம்பி வந்திருக்கோம்.”

குடைக்காரர் ஒரு குழாயைக் கைமுட்டியால் தட்டிக் காட்டினார். தொம் தொம்மென்றது. அருகிலிருந்த பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டு முகம் மலர்ந்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் உடைத்துக் காட்டப் போனார். நான்கைந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். அவரைத் திட்டக்கூட இல்லை. பாவம், பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை என்று தண்ணீர் கொடுத்தார்கள்.

அப்போதுதான் வீட்டு வாசலிலிருந்து ஒரு கட்டில் வந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் கால்மாட்டைத் தாழவிடாமல், கண்ணாடிச் சாமான் போல, கொஞ்சமும் ஆடாமல் மகளைத் தூக்கி வந்தார்கள். ஓர் ஆம்புலன்ஸும் அத்தனை பக்குவமாகக் கொண்டுபோயிருக்காது. பின்னாலேயே மனைவி தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று அவளும் சொல்லியிருக்கிறாள். பெற்ற வயிறு பதறுகிறது என்று சமாதானப்படுத்தித் தூக்கி வந்துவிட்டார்கள்.

கட்டிலை நடுக் குழாயின் அடியில் வைத்தார்கள். நல்ல நிழல் இருந்தது.

மனைவி குடைக்காரரின் அருகில் வந்து நின்றாள். “அசைச்சா ரத்தம் போயிடும். விட்டுட்டு ஓட முடியுமா. நான் இங்கயே இருக்கேங்க,” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

மகள் கையை நீட்டி அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்தாள். இத்தனை மாதத்தில் பீரங்கியை அவள் முழுதாகப் பார்ப்பது அதுதான் முதல் தரம்.

“எனக்குப் பயமே இல்லப்பா. நீங்க இருக்கீங்கல்ல.”

அவர் வாயைத் திறந்தார். அவளிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.

வடக்கே சத்தம் கேட்டது. அவருடைய காதில் எப்போதும் இருக்கும் வண்டுச் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு எல்லோரும் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்தார். புள்ளிகள் வரிசையாக, அவசரமில்லாமல் வந்தன. வழி தெரிந்து வருகிறவர்கள் வருவதுபோல.

“ம், அண்ணே,” என்றார் ரொட்டிக் கடைக்காரர், வழிவிட்டு ஒதுங்கி.

தெரு முழுவதும் அவரைப் பார்த்தது. மகளும் பார்த்தாள். குடைக்காரர் நடுக் குழாயின் பின்னால் போய் மண்டியிட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குழாயின் முதுகு வழியே வானத்தைப் பார்த்தார். தையல் மெஷின் சக்கரத்தைப் பிடித்து மெல்லத் திருப்பினார். குழாய் கிறீச்சிட்டுக்கொண்டே உயர்ந்தது. ஜனங்கள் ஒரே மூச்சாக, நிம்மதியாக, பெருமூச்சு விட்டார்கள்.

மேஜரின் மாமியார் நெற்றியில் கையை வைத்து விமானங்களையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பத்தாதுப்பா,” என்றார். “இன்னும் கொஞ்சம் மேலே தூக்கு.”

குடைக்காரர் தூக்கினார்.